200 டொலர் சட்டியில் எதுக்குக் காசு குடுக்கிறம்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லொட்ஜ் கம்பெனி வார்க்கிற பத்து அங்குல இரும்புப் பிரைபான் இருபது, இருபத்தைந்து டொலருக்குக் கிடைக்கிறது. அதே நாட்டில், அதே வார்ப்பிரும்பில், கிட்டத்தட்ட அதே அளவில் ஃபீல்ட், ஸ்மித்தி மாதிரியான புதுக் கம்பெனிகள் செய்கிற சட்டிக்கு 150, 200 டொலர் என்று கேட்கிறார்கள். 200 டொலர் எண்டால் எங்கட காசுக்கு அறுபதாயிரம் அளவில் வரும். ஒரு சட்டிக்கு!

சமையல் வீடியோ பார்க்கிற ஆக்களுக்கு இந்தச் சண்டை தெரிஞ்சிருக்கும். ஒரு கூட்டம் இது வாழ்நாள் முழுக்க வரும், பேரப்பிள்ளைக்கும் குடுக்கலாம் என்று சொல்லும். மற்றக் கூட்டம் எல்லாம் வெறும் ஸ்டைல் என்று சிரிக்கும். இரண்டு பக்கமும் முட்டை ஒட்டுதா இல்லையா என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த 175 டொலர் வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பது குறைவு. அது வரலாற்றுக் கேள்வி. அந்தப் பக்கமாய்ப் போய்ப் பார்த்தால் கதை கொஞ்சம் வேற மாதிரி இருக்கிறது.

கைத்தொழில் புரட்சி படித்த எல்லோருக்கும் ஏப்ரகாம் டார்பியின் பெயர் ஞாபகம் இருக்கும். 1709இல் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைப் போட்டு இரும்பு உருக்கியவர் என்று பாடமாக்கியிருப்போம். நாங்கள் பாடமாக்காத விசயம், அந்த இரும்பில் அவர் என்ன செய்து விற்றார் என்பது. சமையல் பாத்திரம்தான்! அதற்கு இரண்டு வருசத்துக்கு முதல், 1707இல், மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நல்ல பானை எண்டால் பித்தளைப் பானை. டார்பியே பிரிஸ்டலில் பித்தளை வேலை செய்தவர்தான். பித்தளைக்குக் காசு இல்லாத வீட்டுக்கு மலிவான இரும்புப் பானை. அதுதான் வியாபாரம். அவருடைய பேரன் காலத்தில் 1779இல் கட்டிய இரும்புப் பாலம் படத்தோடு புத்தகத்தில் வரும். பானைக்குப் படம் இல்லை.

ஆக, இரும்புச் சட்டி பிறந்ததே ஏழைச் சாமானாய். ஆனால் மலிவு என்பதற்காக யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. ஜோர்ஜ் வொஷிங்டனின் தாய் மேரி வொஷிங்டன் 1789இல் இறந்தபோது அவருடைய உயிலில் அடுப்படி இரும்புச் சாமான்களும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. அதே காலத்து ஆடம் ஸ்மித், தங்கத்தைக் குவித்தால் நாடு பணக்கார நாடாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு மறுமொழி சொல்ல எடுத்த உதாரணம் சட்டி பானைதான். சமைக்கிற சாப்பாட்டுக்குத் தேவையானதை விட அதிகம் சட்டி வாங்கி அடுக்குவதால் சாப்பாடு கூடாது என்பது அவருடைய வாதம். பொருளியல் விரிவுரையில் இதைக் கேட்டால் தூக்கம் வரும். இன்றைக்குச் சுவரில் ஆறு பிரைபானை வரிசையாய்த் தொங்கவிட்டு வீடியோ எடுக்கிறவர்களைப் பார்க்கிறபோது விளங்குது.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பு வீடுகளுக்குள் வந்தது. திறந்த நெருப்புக்கு மேல் வைக்கிற மூன்று கால் பானைகளின் இடத்தைத் தட்டையான அடியுள்ள சட்டிகள் பிடித்தன. பழைய சட்டிகளில் 8, 10 என்று இலக்கம் இருக்கும். அது அங்குலக் கணக்கு இல்லை, அடுப்பின் வட்டத் துவாரத்தின் இலக்கம். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865இல் கிரிஸ்வோல்ட், ஒகாயோவின் சிட்னியில் 1891இல் வாக்னர், டென்னசியின் சவுத் பிற்ஸ்பேர்க்கில் 1896இல் லொட்ஜ் என்று வரிசையாய் வார்ப்பாலைகள் தொடங்கின.

இந்த வார்ப்பாலைகளில் நடந்த வேலையில்தான் எங்கட கேள்விக்கான விடை இருக்கிறது. ஈரமணலை இரண்டு பாதிப் பெட்டிகளில் அடைத்து, நடுவில் சட்டியின் மாதிரியை வைத்து அழுத்தி எடுத்தால் அச்சு வரும். அந்த இடைவெளிக்குள் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். இடைவெளி ஒடுக்கமானால் சட்டி மெல்லிசாகவும் பாரம் குறைவாகவும் வரும். ஆனால் இரும்பு ஓடி நிரம்ப முதலே இறுகிவிடும் ஆபத்தும் கூடும். கை தேர்ந்த அச்சுக்காரர் மெல்லிசாய் வார்ப்பார். ஆறிய பிறகு சட்டியின் உள்பக்கம் மணலின் சொரசொரப்போடு இருக்கும். அதை இன்னொரு தொழிலாளி சாணைக்கல்லில் பிடித்து வழுவழுப்பாய்த் தேய்ப்பார். இவ்வளவும் முடிந்துதான் சட்டி இரும்புக்கடைக்கு வரும், தபாலில் சாமான் விற்கிற கம்பெனிகளின் விலைப்பட்டியலிலும் ஏறும். வாங்கியவர்கள் கமக்காரர், தொழிலாளர் குடும்பங்கள். அப்ப, மெல்லிசும் வழுவழுப்பும் ஆடம்பரம் இல்லை. சாதாரண சட்டி எண்டாலே அப்பிடித்தான்.

பிறகு என்ன நடந்தது? முதலில் அலுமினியம். 1886இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டதும் விலை விழுந்தது. வாக்னர் கம்பெனியே அலுமினியப் பாத்திரமும் செய்யத் தொடங்கியது. அடுத்தது டெஃப்லோன். 1938இல் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் ரோய் பிளங்கெற் தற்செயலாய்க் கண்ட பொருள் அது. 1954இல் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியியலாளர் அதை அலுமினியச் சட்டியில் ஒட்ட வைத்தார். அவருக்கு அந்த யோசனையைக் குடுத்தது மனைவி கொலெற் என்று சொல்வார்கள். டெஃப்லோனின் முதல் பாதியும் அலுமினியத்தின் முதல் பாதியும் சேர்ந்து 1956இல் டெஃபால் என்ற கம்பெனி வந்தது. 1960களில் ஒட்டாத சட்டி அமெரிக்க அடுப்படிக்குள்ளும் வந்துவிட்டது.

ஈரியில் கிரிஸ்வோல்ட் 1957இல் மூடப்பட்டது. சிட்னியின் வாக்னர் வார்ப்பாலை 1999 வரை இழுத்துப் பிடித்தது. தப்பிப் பிழைத்தவர்கள் செலவைக் குறைத்துத்தான் பிழைத்தார்கள். இயந்திர அச்சு வந்தது. அந்த அச்சுக்குத் தடித்த சட்டிதான் தோது. சாணை பிடிக்கிற வேலை கைவிடப்பட்டது. இன்றைக்கு லொட்ஜ் சட்டியைத் தொட்டால் கையில் படுகிற அந்தச் சொரசொரப்பு, வேலையால் நிறுத்தப்பட்ட ஒரு சாணைக்காரனின் வெற்றிடம் என்று எனக்குத் தோன்றும். கொஞ்சம் கூடிப்போன கற்பனைதான், ஆனால் கணக்குப்படி பிழையில்லை.

புது பிரீமியம் கம்பெனிகள் திருப்பிக் கொண்டுவந்தது இந்த வேலையைத்தான். ஃபீல்ட் கம்பெனி 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்து, பழைய கிரிஸ்வோல்ட் காலத்துச் சட்டி மாதிரி மெல்லிசாய், உள்பக்கம் கடைந்து விற்றது. சார்ள்ஸ்ரனின் ஸ்மித்தியும் பழைய சட்டி திருத்துகிற ஆர்வத்தில் இருந்து வந்ததுதான். போட்லண்டில் 2012இல் தொடங்கிய ஃபினெக்ஸ் எட்டு மூலைச் சட்டி செய்தது. அதை 2019இல் வாங்கியது யார்? லொட்ஜ்! மலிவுச் சட்டியும் விலைச் சட்டியும் இப்ப ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எங்கட பாட்டன் பூட்டன் காலத்தில் சாதாரண விலைக்குள் அடங்கியிருந்த ஒரு வேலையை முதலில் விலையைக் குறைக்கவென்று கழற்றி எடுத்தார்கள். ஐம்பது வருசம் கழித்து அதையே தனியாய்ப் பெயர் வைத்து, ஆறு முதல் பத்து மடங்கு விலைக்குத் திருப்பி விற்கிறார்கள். இரும்பு மாறவில்லை. சூடு கடத்துவதில் அலுமினியம் இரும்பை விடப் பல மடங்கு கெட்டி. இரும்பின் பலம், பிடித்த சூட்டை இலேசில் விடாதது. அது பாரத்தால் வருகிற குணம். 20 டொலர் சட்டியிலும் அது இருக்கிறது, உண்மையில் மெல்லிசான விலைச் சட்டியை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

ஒட்டாத தன்மை? அதைச் செய்வது எண்ணெய். மெல்லிய எண்ணெய்ப் படையை நல்ல சூட்டில் வைத்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிளாஸ்டிக் மாதிரி ஒரு கறுப்புப் படையாய் இறுகும். புதுத் தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவிப் பழக்குகிற வீடுகளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அம்மம்மா பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துக் கல்லில் தேய்ப்பதும் அதே வேதியியல்தான். சொரசொரப்பான சட்டியிலும் மாதக்கணக்காய்ப் பொரித்தால் குழிகள் நிரம்பி வழவழப்பாகும். வழுவழுப்பான சட்டி முதல் நாள் முட்டைக்கு இலேசு, அவ்வளவுதான்.

இந்தப் பழக்குகிற வேலைக்கு ஒருத்தரும் விலை போட்டதில்லை. நூறு வருசத்துக்கு மேல் அதை வீட்டில் பெண்கள்தான் செய்தார்கள், அது எந்தக் கம்பெனியின் கணக்கிலும் வரவில்லை. 2002இல் லொட்ஜ் தொழிற்சாலையிலேயே எண்ணெய்ப் படை சுட்டு விற்கத் தொடங்கியபோதுதான் அந்த வேலைக்கு முதல் முறையாய் இயந்திரமும் சம்பளமும் வந்தது. வரலாற்றில் இதை ஒரு சின்ன விசயம் என்று நான் நினைக்கவில்லை. பேரப்பிள்ளைக்குக் குடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிறபோது விற்கப்படுவதில் பாதி, யாரோ ஒரு பாட்டியின் நாற்பது வருசப் பொரியல்.

பிரீமியம் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேணும். மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பேர்க்கில் டெஃப்லோன் செய்யும்போது பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற இரசாயனம் ஊர்த் தண்ணீரில் கலந்தது. டார்க் வோட்டர்ஸ் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017இல் சுமார் 3,500 வழக்குகளைத் தீர்க்க டுபொன்டும் கெமோர்ஸும் 67 கோடி டொலருக்கு மேல் குடுக்க ஒத்துக்கொண்டன. மலிவான ஒட்டாத சட்டியின் மிச்ச விலையை அந்த ஊர்ச் சனம் கட்டியது. அந்தப் பயத்தில் கனபேர் இரும்புக்குத் திரும்பினார்கள். சரியான முடிவு. ஆனால் அந்த நியாயம் 20 டொலர் இரும்புக்கும் அப்பிடியே பொருந்தும். 200 டொலர் கம்பெனிகள் அதைத் தங்கட நியாயம் மாதிரிக் கதைக்கிறதுதான் எனக்குப் பிடிக்காதது.

காபன் ஸ்டீல் சட்டியின் கதை இன்னும் சுருக்கம். வார்ப்பிரும்பில் காபன் இரண்டு வீதத்துக்கு மேல், அதனால் முறியும். காபன் ஸ்டீலில் அது மிகக் குறைவு, அதனால் தகடாய் அடித்து, அச்சில் அழுத்திச் சட்டியாக்கலாம். சீனத்து வொக் பெரும்பாலும் இதுதான். பிரான்சில் வோஜ் மலைப்பக்கத்து டெ புயெர் கம்பெனி 1830இலிருந்து இருக்கிறது. தகடு பிறக்கும்போதே வழுவழுப்பு, பாரமும் குறைவு. கடைவதற்கு ஒன்றும் இல்லை. பிரெஞ்சு உணவகங்களில் இது கீறுப்பட்டு, கறுத்து, அடுக்கி வைக்கப்படுகிற தொழில் சாமான், காட்சிப் பொருள் இல்லை. ஆகவே தடிப்புக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கலாம். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து நடு உயர்ந்துவிடும். அதற்கு மேல் போகிற விலை பெயருக்குத்தான். கையால் சுத்தியலில் அடித்த சட்டி வேற கணக்கு, அதில் ஒரு கொல்லரின் மணித்தியாலங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அதற்குக் குடுக்கிற காசை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தோசை அதில் கூட முறுகாது.

என்னைக் கேட்டால், வார்ப்பிரும்பில் விலைச் சட்டிக்கு ஒரே ஒரு நல்ல காரணம் பாரம். பத்து அங்குல லொட்ஜ் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. கை மூட்டு நோ உள்ள ஆளுக்கு அரைக் கிலோ குறைவது பெரிய விசயம். அதற்கும் மலிவான காபன் ஸ்டீல் ஒன்றை வாங்குவது புத்தி. எங்கட சமையலில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. புளியும் தக்காளியும் நேரம் எடுத்துக் கொதித்தால் எந்த விலைச் சட்டியின் படையும் உரியும். குழம்புக்கு மண்சட்டி, பொரியலுக்குத் தாச்சி, தோசைக்குக் கல் என்று பிரித்து வைத்தவர்கள் அதை அறிந்துதான் செய்தார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பழைய கிரிஸ்வோல்ட், வாக்னர் சட்டி ஒன்றைப் பழஞ்சாமான் சந்தையில் கண்டால் தாராளமாய் வாங்கலாம், வழுவழுப்பு அதிலேயே இருக்கும். வாங்க முதல் சமதரையில் வைத்து ஆடுதா என்று பார்க்க வேணும், வெடிப்பு இருக்கா என்று தட்டிக் கேட்க வேணும். பிறகு கடையில் கிடைக்கிற ஈயச் சோதனைக் குச்சியால் ஒருக்கால் தேய்த்தும் பார்க்க வேணும். அமெரிக்காவில் சிலர் இந்தச் சட்டிகளில் துப்பாக்கிச் சன்னத்துக்கும் தூண்டில் பாரத்துக்கும் ஈயம் உருக்கியிருக்கிறார்கள். அப்பிடியான சட்டியை எவ்வளவு எண்ணெய் போட்டும் பழக்க ஏலாது.