டிரிபிள் ஈ வகைக் கொள்கலன் கப்பல்கள்

டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனத்துக்காகத் தென்கொரியாவின் டேவூ கப்பல் கட்டும் தளத்தில் உருவான 20 கொள்கலன் கப்பல்கள் டிரிபிள் ஈ வகை எனப்படுகின்றன. 2011 பிப்ரவரியில் 10, ஜூனில் மேலும் 10 என, கப்பல் ஒன்றுக்குச் சுமார் 19 கோடி டாலர் விலையில் ஒப்பந்தமாயின. முதல் கப்பலான 'மெர்ஸ்க் மெக்-கின்னி மோலர்' 2013 ஜூலையில் ஆசிய-ஐரோப்பியத் தடத்தில் ஓடத் தொடங்கியது. 400 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் கொண்ட அதில் 18,000-க்கும் மேற்பட்ட 20 அடிக் கொள்கலன்களை ஏற்றலாம். அன்றைக்கு உலகிலேயே பெரிய கொள்கலன் கப்பல் அதுதான் என்பதால் எல்லோரும் அளவையே வியந்தார்கள். ஆனால் 2006-இல் வந்த 'எம்மா மெர்ஸ்க்' கப்பலைவிட நீளத்திலும் அகலத்திலும் அது மூன்று மீட்டர்தான் கூடுதல். இவ்வகையின் உண்மையான புதுமை, வேகத்தைத் துணிந்து குறைத்ததே.

எம்மா மணிக்கு 25 கடல் மைல் ஓடுவதற்காக, ஒரே ராட்சத எஞ்சினோடு கட்டப்பட்டது. கப்பலின் வேகம் இரட்டித்தால் தேவைப்படும் எஞ்சின் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். எண்ணெய் விலையேற்றமும் 2008-இன் பொருளாதாரச் சரிவும் இந்தக் கணக்கைக் கப்பல் முதலாளிகளுக்கு உறைக்க வைத்தன. பழைய கப்பல்களையே மெதுவாக ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஓட்டத்தான் செய்தார்கள், ஆனால் அதிவேகத்துக்கு வடித்த முகப்பும் எஞ்சினும் நிதான ஓட்டத்தில் முழுப் பலன் தருவதில்லை. டிரிபிள் ஈ கப்பலுக்கு 19 கடல் மைல் வேகத்தை மனத்தில் வைத்தே இரண்டு எஞ்சின்களும் இரண்டு உந்துவிசிறிகளும் பொருத்தினார்கள். வேகம் வேண்டாம் என்றானதும் அடிப்பாகத்தை அகன்ற 'யு' வடிவில் அமைக்க முடிந்தது. கூடுதல் சரக்குக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

கொள்கலன் ஒன்றுக்கான கரியமில வாயு, அத்தடத்தின் சராசரியில் பாதிதான் என்றது மெர்ஸ்க். கப்பல் நிரம்பினால்தானே அந்தக் கணக்கு என்ற மறுப்பு வலுவானது. போட்டி நிறுவனங்களும் இதைவிடப் பெரிய கப்பல்களைக் கட்ட, சரக்கைவிட இடம் மிகுந்து கட்டணம் சரிந்தது. 2016-இல் தென்கொரியாவின் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் திவால் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆனால் இது அளவுப் போட்டியின் விளைவு. நிதான வேகத்துக்கென்றே வடிவமைத்ததை அது பிழையாக்கிவிடாது. ஒப்பந்தப்படி மேலும் 10 கப்பல்கள் வாங்கும் உரிமையை மெர்ஸ்க் பயன்படுத்தவில்லை. அந்நிறுவனத்துக்காக 2024-இல் கடலுக்கு வந்த, மெத்தனாலில் ஓடக்கூடிய 'ஆனே மெர்ஸ்க்' கப்பலின் நீளம் 350 மீட்டர்தான்.