கெட்டிக்கும் நேரம்

தூர்தர்ஷனில் 1990-இல் ஒளிபரப்பான 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொடரை இன்று யாரும் பேசுவதில்லை. பகவான் கித்வானி 1976-இல் எழுதிய நாவலைச் சஞ்சய் கான் தொடராக எடுத்தார். அப்போது மாயவரத்து வீடுகளில் தூர்தர்ஷனைத் தவிர வேறு கதி இல்லை. உயரமாக ஆண்டெனா கட்டியவர்களுக்கு மட்டும் சில ராத்திரிகளில் இலங்கை ரூபவாஹினி மங்கலாகத் தெரியும். சாலிடேர், டயனோரா பெட்டிகளின் முன் உட்கார்ந்து, பாதி புரியாத இந்தியில் அந்தத் தொடரைப் பார்த்தோம். துப்பாக்கி வெடிக்கிற சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

துப்பாக்கிகளின் மேல் எனக்கு நெடுநாளைய மோகம் உண்டு. என்னிடம் துப்பாக்கியும் இல்லை, அதற்கான லைசென்ஸும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில், தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து போய்ச் சேர்ந்த ஆயுதங்களின் முன் நின்ற நேரமும், படித்த சில புத்தகங்களும்தான் என் தகுதி. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு யோசிக்கிறபோது ஒன்று உறுத்துகிறது. திரையில் அத்தனை துப்பாக்கிகள் வெடித்தன. ஆனால் ஒரு சிப்பாய் தன் துப்பாக்கியைக் கெட்டிப்பதை முழுமையாகப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. புகை, கூச்சல், விழும் குதிரை, மறுபடி புகை. நடுவில் எதுவும் இல்லை.

அந்த நடுவில்தான் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர் இருந்தது. ஆங்கிலக் கம்பெனிப் படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கி ஏறக்குறைய நாலரை கிலோ எடை. குழாயின் வாய் முக்கால் அங்குலம். ஈயக்குண்டு அதைவிடச் சற்றுச் சிறிது. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் இட்டு மூடி, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, கெசக்கோலால் இடித்து, கோலை உருவிப் பழைய இடத்தில் செருகி, குதிரையை முழுக்க இழுத்த பிறகுதான் விசையில் விரல் வைக்கலாம். நன்றாகப் பழகியவனுக்கு நிமிஷத்துக்கு மூன்று சூடு. அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் இருபது வினாடி அவன் வெறும் மனிதன். ஈட்டிக்காரனுக்கும் குதிரைக்காரனுக்கும் முன்னால் கையில் ஒரு இரும்புக் குழாயோடு நிற்பவன். கிண்ணத்து மருந்து நனைந்தால் அதுவும் இல்லை.

இந்த இருபது வினாடியைக் காப்பாற்றத்தான் வரிசை, கவாத்து, சதுர வியூகம், துப்பாக்கி முனையில் பயனெட் எல்லாம் வந்தன. ஒருவன் கெட்டிக்கும்போது பக்கத்தில் உள்ளவன் சுட வேண்டும். எவனும் ஓடக் கூடாது. ஐரோப்பியனின் வெற்றிக்குக் காரணம் அவனுடைய துப்பாக்கி என்று சொல்வது பாதி உண்மைதான். துப்பாக்கியை விலைக்கு வாங்க முடியும். ஹைதரும் திப்புவும் வாங்கினார்கள். திப்பு தன் பட்டறைகளில் செய்யவும் செய்தான். அசையாமல் நின்று கெட்டிக்கும் உடம்புகளைத் தயாரிப்பதுதான் கடினம்.

இதற்கான சாட்சியம் நம் காவிரிக் கரையிலேயே இருக்கிறது. 1782 பிப்ரவரியில், கும்பகோணம் பக்கம், கொள்ளிடத்தை ஒட்டி, அன்னகுடி என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த இடத்தில், கர்னல் பிரெய்த்வைட்டின் படையைத் திப்பு வளைத்துக்கொண்டான். பிரெய்த்வைட்டிடம் ஏறக்குறைய நூறு ஐரோப்பியர், ஆயிரத்து ஐந்நூறு சிப்பாய்கள், முந்நூறு குதிரைக்காரர்கள். திப்புவிடம் இதைப்போலப் பல மடங்கு. கூடவே லாலி என்பவனின் கீழ் நானூறு ஐரோப்பியர். மாசி மாதத்து வயல் காய்ந்து இறுகிக் கிடக்கும். குதிரைப்படைக்கு அதைவிட வாகான தரை கிடையாது. அப்படியும் அந்தச் சதுரம் உடனே உடையவில்லை. 16-ஆம் தேதி தொடங்கிய சண்டை 18-ஆம் தேதிதான் முடிந்தது. கடைசியில் அதை உடைத்தவர்கள் பயனெட்டுகளோடு முன்னேறிய லாலியின் ஆட்கள்.

பிரெய்த்வைட் காயத்தோடு பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்து, 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையானான். பின்னால் மதராஸ் படைக்கே தலைவனாகி, 1802-இல் பாரனெட் பட்டமும் பெற்றுச் செத்தான். அந்தச் சதுரத்தில் நின்று பல்லால் தோட்டா கிழித்த ஆயிரத்து ஐந்நூறு பேர் சரித்திரத்தில் ஓர் எண்ணிக்கை. மதராஸ் படையின் சிப்பாய்கள் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்; முஸ்லிம்கள், பறையர்கள் என்று பல தரப்பினரும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்தது சரியா தவறா, யாருக்காகச் செய்தார்கள் என்பது வேறு விசாரணை. அதை விசாரிப்பதற்கு முதலில் அவர்கள் நம் கண்ணில் பட வேண்டும். நம்முடைய சரித்திர நாவல்களில் வாள் பளிச்சிடுகிறது, வீரன் பாய்கிறான். வேலை என்ற ஒன்று அங்கே நடப்பதே இல்லை. வேலையை விட்டுவிட்டால் வேலை செய்தவனும் போய்விடுகிறான். தொலைக்காட்சி செய்த அதே வெட்டை நம் உரைநடை அதற்கு முன்பே செய்து பழகியிருந்தது.

கெட்டிப்பது என்றால் என்ன என்று அறிய விரும்பியவனுக்கு நம் பக்கத்தில் வெகுகாலம்வரை ஒரே வழிதான் இருந்தது: நரிக்குறவரைப் பார்ப்பது. வாய்வழியாக மருந்து கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவை போட்டு, கோலால் இடித்து, கேப்பு வைத்து, வரப்போரம் உட்கார்ந்திருப்பார்கள். தப்பினால் கொக்குக் கூட்டம் அடுத்த வயலுக்குப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அந்தப் பொறுமையில் பிரெய்த்வைட்டின் சிப்பாய் கொஞ்சம் தெரிவான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது.

பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி வந்ததும் இருபது வினாடி சில வினாடிகளாகச் சுருங்கியது. இனிக் கவாத்து வேண்டாம், பக்கத்தில் தோழன் வேண்டாம். பழகாதவன் ஒருவன் தனியாகத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து சுடலாம். அதனால் கேள்வி 'யாருக்குச் சுடத் தெரியும்' என்பதிலிருந்து 'யார் வைத்துக்கொள்ளலாம்' என்பதற்கு மாறியது. இதற்குப் பதில் சொன்னது லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம். அதே கால அளவில்தான் மதராஸ் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன் என்ற கொள்கை எழுந்து, படையில் தெற்கத்தியர் குறைக்கப்பட்டார்கள். அன்னகுடியில் துப்பாக்கி பிடித்த கைகளிலிருந்து அது இப்படி இரண்டு வழியாகப் போயிற்று.

சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 13-ஆம் பிரிவு லைசென்ஸ் தரவேண்டிய காரணங்களைச் சொல்கிறது: பாதுகாப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ என்றால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழாய் உள்ள துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. சட்டத்துக்கு அந்த இருபது வினாடி தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்றியை விரட்ட மெதுவான துப்பாக்கி போதும். ஆனால் நெல் விளையும் ஜில்லாவில் பயிர் யாருடையது, பாதுகாப்பு யாரிடமிருந்து என்று சட்டம் கேட்பதில்லை.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் நடந்தது கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சி. நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். சூட்டுக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 தலித் கூலிகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், எரிந்து போனார்கள். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. வெண்மணி என்றதும் நமக்கு நெருப்பு ஞாபகம் வருகிறது. அவர்களை அந்தக் குடிசைக்குள் தள்ளியது துப்பாக்கி என்பது பின்னுக்குப் போய்விட்டது. எதிரே நின்றவர்கள் கையில் கல் இருந்தது. இரண்டு சூடுகளுக்கு நடுவே முன்னேறிச் சென்று கையைப் பிடிக்கக்கூடிய இருபது வினாடி அவர்களுக்கு இல்லை.

திப்பு தொடரைப் பற்றிய என் ஞாபகத்தில் அதன் படப்பிடிப்பும் சேர்ந்துவிட்டது. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் படப்பிடிப்பின்போது தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. மற்றவர்களை நாம் எண்ணிக்கையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தொடரின் கதாநாயகன் சொன்ன ஒரு வசனமும் எனக்கு இன்று ஞாபகமில்லை. 62 என்பது ஞாபகமிருக்கிறது.

துப்பாக்கி மோகம் கொண்டவனுக்கு இந்த எண்ணிக்கைகளில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆயுதத்தை நேசிப்பவன் அதன் வேலைப்பாட்டை நேசிக்கிறான். வேலைப்பாட்டைத் தொடர்ந்து போனால் கெட்டித்தவனிடமும் எதிரே நின்றவனிடமும்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் மூன்று நாள் நின்றவர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. தஞ்சைச் சரித்திரத்தை இனி எழுதுகிறவர்கள் யுத்தக் காட்சி வரும்போது புகையைக் கொஞ்சம் குறைத்து, ஒரு சிப்பாய் தோட்டாவைக் கிழிப்பதிலிருந்து ஆரம்பித்து, இருபது வினாடி அவனோடு நின்று பார்க்கட்டும்.