பழைய மகிழுந்துகளின் மின் உதிரிப்பாகங்கள்: பழைய இருப்பும் மறுஉருவாக்கமும்

பழைய இருப்பு என்பது ஒரு வண்டி உற்பத்தியில் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டு, விற்காமல் பெட்டியிலேயே தங்கிவிட்ட உதிரிப்பாகம் ஆகும். மறுஉருவாக்கம் என்பது பழைய பாகத்தின் அளவுகளைப் பின்பற்றிப் பிற்காலத்தில் புதிதாகச் செய்யப்படுவது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளைப் பராமரிப்போர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வளர்ந்த லூகாஸ் நிறுவனம் பிரித்தானிய மகிழுந்துகளுக்கு மின்கருவிகளைச் செய்துவந்தது. 1961 இல் அந்நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் உள்ள அதன் ஆலையில் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவை செய்யப்பட்டன. தீப்பொறிச் செருகிகளைப் பெங்களூரின் மைக்கோ நிறுவனம் தயாரித்தது.

உரிமமுறைக் காலத்தில் இந்திய மகிழுந்துகளின் வடிவமைப்பு பெரிதாக மாறவில்லை. ஒரே பாகம் பல ஆண்டுகள் விற்றதால் கடைக்காரர்கள் துணிந்து வாங்கி இருப்பு வைத்தனர். ஹெரால்டு, பத்மினி ஆகியவற்றின் உற்பத்தி முன்பே நின்றுபோக, அம்பாசிடரின் உற்பத்தியும் 2014 இல் நின்றது. அதன்பின் அந்த இருப்பு கரையத் தொடங்கியது.

பழைய இருப்பின் நிறைகுறைகள்

பேக்கலைட்டால் ஆன டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, விரிசல் இல்லாதவரை நெடுநாள் கெடாது. பிளாட்டினம் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் தொடுமுனைகளில் களிம்பு ஏறியிருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். ஆனால் எல்லாப் பாகங்களும் அப்படியல்ல. ரப்பர் உறையுள்ள கம்பிகள் விறைத்து வெடிக்கும். கண்டென்சரின் உள்ளே சுற்றப்பட்ட காகிதத்தில் ஈரம் ஏறினால் மின்கசிவு உண்டாகும். பெட்டி பிரிக்கப்படவில்லை என்பதால் மட்டும் பாகம் புதியதாகிவிடாது.

மறுஉருவாக்கத்தின் நிறைகுறைகள்

புதிய பிளாஸ்டிக் உறையுள்ள கம்பிகள் பழைய ரப்பர் கம்பிகளைவிடப் பாதுகாப்பானவை. குறை பெரும்பாலும் சிறு பாகங்களில்தான் தோன்றும். ரோட்டாரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ஆணி நீளமாக இருந்து, அதன் கீழுள்ள காப்புப்பொருள் மெல்லியதாக இருந்தால், உயர் மின்னழுத்தம் அதைத் துளைத்துத் தண்டுக்குப் பாய்ந்துவிடும். அப்போது எஞ்சின் திடீரென நின்றுவிடும். துளையோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

தொடுமுனைகள் பிரியும் கணத்தில் கண்டென்சர் சில நூறு வோல்ட் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எஞ்சின் சூட்டையும் தாங்க வேண்டும். மல்டிமீட்டரோ சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. எனவே மேசையில் ஏறத்தாழ 0.2 மைக்ரோபாரடு என்ற சரியான அளவைக் காட்டும் கண்டென்சரும், எஞ்சின் சூடேறியபின் கைவிடக்கூடும். வண்டி குளிர்ந்ததும் மீண்டும் ஓடுவதால், பழுது கார்புரேட்டரில் இருப்பதாக எண்ணி வீண்செலவு செய்வோரும் உண்டு.

சாலையில் இதன் பொருள்

வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது நாட்றம்பள்ளி. சென்னையின் ஜி.பி. சாலை, புதுப்பேட்டை ஒரு பக்கம், பெங்களூரின் ஜே.சி. சாலை மறுபக்கம். இரண்டும் உதிரிப்பாகச் சந்தைகள். இரண்டும் தொலைவில் உள்ளன. இச்சாலையில் இரவில் வண்டி நின்று, மின்கலமும் இறங்கினால் பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் சரக்குந்து ஓட்டுநருக்கு நிற்கும் வண்டி தெரியாமல் போகும். ஆகவே இருபது ரூபாயா இருநூறு ரூபாயா என்பதைவிட, எந்தப் பாகத்தை நம்பலாம் என்பதே முதன்மையான கேள்வி.

தேர்வு

காலத்தால் கெடாத மூடி, தொடுமுனை, கார்பன் பிரஷ் ஆகியவற்றில் பழைய இருப்பும், கம்பி, ரப்பர் உறை ஆகியவற்றில் புதியதும் பொதுவாக ஏற்றவை. ரோட்டார், கண்டென்சர் இரண்டையும் வண்டியில் பொருத்தி, எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ரோட்டாரையும் கண்டென்சரையும் மாற்றியவுடன் எறிந்துவிடாமல் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. வழியில் புதியது கைவிட்டால், ஏற்கெனவே சோதித்துத் தேறிய பாகம் அதுவே.