தூளி, டோலி, ஹேமக்: தொங்கும் படுக்கையின் கதை

1/
ஆன்லைன்ல ஹேமக் வாங்கி தோப்புல கட்டுற பழக்கம் நம்ம மதுரைப் பக்கமும் வந்துருச்சு. "பாதுகாப்பா எப்படி கட்டுறது டாக்டர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. ஆபத்து எங்க இருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

2/
1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த தாய்னோ மக்கள் பருத்தி வலையை இரண்டு பக்கமும் கட்டி அதில் படுத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் 'ஹமாக்கா'. அதுதான் இன்றைய ஹேமக். ஐரோப்பியக் கப்பல்கள் இதைப் பிடித்துக்கொண்டன. கப்பல் ஆட, படுக்கையும் கூடவே ஆடும். மாலுமி உருண்டு விழமாட்டார். காலையில் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம்.

3/
நமக்கு இது புதுசா? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடியவர். குழந்தை வரம் கேட்டு கோயில் மரத்தில் குட்டித் தொட்டில் கட்டுவதும் நம்ம வழக்கம்தான். ஆனா தொங்கும் படுக்கைக்கு இந்த மண்ணில் இன்னொரு வேலையும் இருந்தது. அது ஆம்புலன்ஸ்!

4/
மூங்கில் கழியில் தொங்கவிட்ட கட்டில். அதைத் தோளில் தூக்க ஆட்கள். இதுதான் டோலி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளில் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது இதுதான். இதை வைத்து ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு: 'டோலிகள் வந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றன' என்ற செய்தியைப் படித்த இங்கிலாந்துப் பேச்சாளர் ஒருவர், டோலி என்பது ஏதோ கொடூரமான மலைச்சாதி என்று நினைத்துப் பொங்கிவிட்டாராம்.

5/
மதுரையில் 1834-ல் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள், சமவெளி வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மோட்டார் சாலை வரும் வரை அந்த மலையில் நடக்க முடியாதவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து நம்ம ஆட்கள்தான் சுமந்து ஏறினார்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். சாலை இல்லாத மலைக்கிராமங்களில் இன்றைக்கும் நோயாளி டோலியில்தான் கீழே வருகிறார்.

6/
இப்ப வயக்காட்டுக்கு வருவோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போற பெண்கள் வேப்பமரக் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டுவார்கள். மரம் இல்லாத கரிசல் காட்டில் மூன்று கம்பை முக்காலி மாதிரி நட்டு அதில் கட்டுவார்கள். தரையில் எறும்பு, தேள், பாம்பு. அதுக்குப் பயந்துதான் குழந்தையை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். விவரமான ஏற்பாடு.

7/
ஆனா ஒரு கேள்வி. தூளி ஏன் காட்டில் தொங்குகிறது? அம்மா வேலைக்குப் போயாகணும், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் கேட்டது. வயக்காட்டுக்கு அது கிடையாது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம்தான், வேலையிடத்தில் ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்தோடு நிறுத்தச் சொன்னது.

8/
இங்கேதான் மருத்துவம் வருது. ஹேமக்குக்கு இரண்டு முனை. அது கவிழும், ஆனா சுழலாது. தூளி தொங்குவது ஒரே புள்ளியில். அது சுழலும். கைக்குழந்தையை விட, அதை ஊஞ்சலாக்கி விளையாடும் பெரிய பிள்ளைகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். சுற்றிச் சுற்றி முறுக்கும்போது சேலை கழுத்தை இறுக்கிவிடும். மூளைக்கு ரத்தம் நின்றால் பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போய்விடும். பிள்ளை கத்தவே கத்தாது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

9/
அப்படி நடந்தால்:
முதலில் உடம்பைத் தூக்கிப் பிடித்து கழுத்தின் பாரத்தைக் குறையுங்கள். முடிச்சை அவிழ்க்க நேரம் போக்காமல் துணியை அறுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே சிபிஆர், கூடவே 108. பிள்ளை எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரும்.

10/
தூளி கட்டினால்:
குழந்தை இறங்கியதும் சேலையைத் தூக்கி முடிந்து வையுங்கள். தொங்கவிட்டால் அது ஊஞ்சல் ஆகிவிடும். துணி விரிந்து நிற்க தொட்டில் கம்பு போடுங்கள். பச்சிளம் குழந்தைக்கு உறுதியான, மட்டமான படுக்கையில் மல்லாந்து தூங்குவதே நல்லது. தூளியின் வளைவில் தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சுப்பாதை அடைபடும்.

11/
ஹேமக் கட்டினால்:
கயிறு நல்லா தாழ்ந்து வரட்டும். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி இருந்தால், 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவை. விறைப்பாக இழுத்துக் கட்டி 10 டிகிரி ஆக்கினால் அது சுமார் 230 கிலோ! கயிறு அறுவதும் கொக்கி பிடுங்குவதும் இதனால்தான். உயிருள்ள, பருத்த அடிமரத்தில் அகலமான பட்டையால் கட்டுங்கள். முருங்கை வேண்டாம், சட்டுன்னு ஒடியும். காய்த்த தென்னைக்கு அடியில் வேண்டாம். உட்காரும் உயரம் முழங்காலைத் தாண்ட வேண்டாம்.

12/
ஹேமக் நமக்கு ஞாயிற்றுக்கிழமை சுகம். காட்டில் தொங்கும் தூளி ஒரு அம்மாவின் அன்றைய கூலி. அதனால 9-ஐயும் 10-ஐயும் மட்டுமாவது வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆளை நிறுத்தியாச்சா?' என்று உங்கள் ஊர் வேலையிடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.