ஃபேன் ரெகுலேட்டரும் மின்சாரக் காரும்

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படித்த பையன் ஒருவன், பழைய மாருதி 800 காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்திக்கொண்டிருக்கிறான். அதற்கான ஆர்.டி.ஓ. காகிதங்கள் தனிக் கதை. ஆயுள் முழுக்க கோப்பு புரட்டியவன் என்பதால் அந்த வேலைக்குத்தான் முதலில் என்னைத் தேடி வந்தான். பிறகு மாலை வேளைகளில் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

போன மாதம் ஒருநாள் முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சோதனை ஓட்டம். ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்தான், சக்கரம் மெதுவாகச் சுற்றியது. 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி சக்கரங்கள் பேய் பிடித்தது போல் சுழன்றன. பையன் காலை எடுத்துவிட்டான், அவை நிற்கவில்லை. பாய்ந்து சிவப்புப் பிடியை இழுத்த பிறகுதான் நின்றது. சக்கரம் தரையில் இருந்திருந்தால் கார் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறியிருக்கும். அங்கே அப்போது ஆள் உட்கார்ந்திருந்தார்.

"பல்பு கெட்டால் அணைந்துபோகும். இது கெட்டால் ஏனடா ஓடுகிறது?" என்றேன்.

"மாஸ்ஃபெட் கெட்டா பெரும்பாலும் ஆன் ஆன மாதிரிதான் தாத்தா கெடும்" என்றான்.

அந்தப் பதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'லா ஜமே கோந்தாந்த்' என்ற பெயர் நினைவிருக்கலாம். 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று பொருள். (பிரெஞ்சில் கார் பெண்பால்.) பெல்ஜியக்காரரான கமீய் ஜெனாட்ஸி 1899-இல் பாரிசுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் ஓட்டிய மின்சாரக் கார் அது. மணிக்கு 105.88 கிலோமீட்டர். சாலை வாகனம் ஒன்று 100-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. உருவம் குண்டு மாதிரி, உள்ளே 25 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு. இன்றும் கொம்பியேன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே 125 வருடத்துக்கு முன்பே மோட்டாரில் குறை இல்லை. அதைப் பதமாக ஓட்ட ஒரு கைதான் கிடைக்கவில்லை.

மோட்டார் சுற்றும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வருகிற மின்சாரத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கும் மோட்டாருக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அதை நேரே பேட்டரியில் இணைத்தால் மின்சாரம் வெள்ளமாகப் பாயும், ஒன்று கார் குதிக்கும் அல்லது ஏதாவது கருகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும். எப்படி?

நம் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவரில் பெரிய கருப்புப் பெட்டி, ஒன்றாம் நம்பரில் வைத்தால் தொட முடியாமல் சுடும். உள்ளே கம்பிச்சுருள். ஃபேனுக்குக் குறைத்த மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே சூடாக வீணாகும். அன்றைய மின்சார வண்டிகளுக்கும் அதுதான் ஒரு வழி. இன்னொரு வழி, பேட்டரிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, பக்க இணைப்பிலிருந்து தொடர் இணைப்புக்கு மாற்றுவது. அப்போது மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். 1895 முதல் 1953 வரை சென்னையில் ஓடிய மின்சார டிராமில் ஓட்டுநர் பித்தளைக் கைப்பிடியைப் பல் பல்லாகத் திருப்புவார் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குலுக்கல். டிராமில் கம்பிச்சுருளும் உண்டு, மோட்டார்களைத் தொடரிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றுவதும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், 1973 பெட்ரோல் நெருக்கடியில் அமெரிக்காவில் வீட்டிலேயே காரை மாற்றியவர்களும் இதையேதான் செய்தார்கள். பழைய விமானங்களின் ஜெனரேட்டரை மோட்டாராக்கி, காண்டாக்டர் என்கிற பெரிய மின்காந்த சுவிட்சுகளால் 'டக், டக்' என்று படி ஏற்றினார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்தும் அதே குலுக்கல்!

ஆனால் அதற்குள் வழி பிறந்திருந்தது. மின்சாரத்தைத் தடுக்காமல் நறுக்குவது. ஒரு நொடியில் பல நூறு, பல ஆயிரம் தடவை சுவிட்சைப் போட்டு அணைத்தால், போட்டிருக்கும் நேரத்தின் விகிதப்படி மோட்டாருக்குச் சராசரி கிடைக்கும், சூடாக வீணாவது சொற்பமே. 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பிறந்த தைரிஸ்டர் இதைச் செய்தது. அதில் ஒரு சங்கடம், பேட்டரி மின்சாரத்தில் போட்டால் தானாக அணையாது. அணைக்கவே தனியாக ஒரு கண்டென்சரும் சுருளும் வேண்டும். பின்னால் வந்த மாஸ்ஃபெட் சொன்னவுடன் அணைந்தது. பெரிய சக்திக்கு ஐ.ஜி.பி.டி. வந்தது. அதை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கியவர் ஜயந்த் பலிகா, 1948-இல் சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் வாங்கியவர். 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பத்திரிகைகள் இதை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

பையன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். வரிசையாக மாஸ்ஃபெட்டுகள், எல்லாம் சுமையைப் பங்கிட்டுக்கொள்பவை. அருகே டயோடுகள். சுவிட்சை அணைத்த நொடியிலும் மோட்டார் சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென நிற்காது, அது சுற்றிவர டயோடு வழி விடுகிறது. வழி இல்லாவிட்டால் மின்னழுத்தம் எகிறி மாஸ்ஃபெட்டைக் கொல்லும். அப்புறம் தடித்த கண்டென்சர்கள். காலியான கண்டென்சர் பேட்டரியைக் கண்டதும் பேராசையோடு உறிஞ்சும், அந்தப் பொறியில் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் முதலில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக நிரப்பிவிட்டுத்தான் காண்டாக்டரை மூடவேண்டும். ஒருமுறை அவசரத்தில் அதை மறந்து, முனைகள் கருகி, பையன் 1,800 ரூபாய்க்கு வேறு வாங்கினான்.

நறுக்குகிற சில்லு வெடித்தபோது உள்ளே உருகி ஒன்றாகி, போட்ட சுவிட்சாகவே நின்றுவிட்டது. அப்போது பெட்டிக்குள் இருந்த எந்தப் புத்திசாலித்தனமும் உதவவில்லை. காப்பாற்றியது கையால் இழுக்கும் பிடி, டிராம் காலத்துச் சமாச்சாரம்.

புது மாஸ்ஃபெட்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காரைத் தரையில் இறக்கி, விடியற்காலையில் காலியாக இருக்கும் தெருவில் ஓட்டப்போகிறானாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறான். "அந்தச் சிவப்புப் பிடி உங்க கைக்கு எட்டுமான்னு முதல்ல பாருங்க" என்கிறாள் வீட்டுக்காரி.