முடிந்தபின் வளர்ந்த பனிக்காலம்

1827 பிப்ரவரியில், வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் பன்னிரண்டு பாட்டுகளுக்கு இசையமைத்து, கடைசித் தாளின் அடியில் ‘முற்றும்’ என்று எழுதிவிட்டார். முதல் பாட்டு டி மைனர். பன்னிரண்டாவதும் டி மைனரிலேயே வந்து நின்றது. ‘குளிர்காலப் பயணம்’ என்ற அந்தப் பாட்டுத்தொகுதி அதோடு முடிந்ததென்றே நினைத்தார்.

கவிதைகள் டெசாவ் நகரத்து வில்ஹெல்ம் முல்லருடையவை. (ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் தகப்பனார்.) கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்க் கைவிடப்பட்ட ஒருவன், பனி இரவில் ஊரைவிட்டு நடக்கிறான். கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவன் மனசு: ஆத்திரம், ஏக்கம், மரத்துப்போதல், தன்னையே கேலி செய்துகொள்ளுதல்.

ஷூபர்ட் கையில் முதலில் கிடைத்தது ‘உரானியா’ என்ற 1823ஆம் ஆண்டு மலர். அதில் பன்னிரண்டு கவிதைகளே இருந்தன. 1824இல் முல்லர் மேலும் பன்னிரண்டைச் சேர்த்து, வரிசையையும் மாற்றிப் புத்தகமாக்கியிருந்தார். அது ஷூபர்ட் கண்ணில் பட்டது பிற்பாடுதான். 1827 அக்டோபரில் அவர் இரண்டாம் பகுதிக்கு உட்கார்ந்தபோது, முல்லர் 32 வயதில் இறந்துபோயிருந்தார். இருவரும் சந்தித்ததே இல்லை.

போட்டதைக் கலைக்க ஷூபர்ட்டுக்கு மனமில்லை. விடுபட்டவற்றை அநேகமாகப் புத்தக வரிசையிலேயே பின்னால் கோத்தார். பன்னிரண்டாவது பாட்டு அச்சேறும்போது பி மைனருக்கு இறங்கியது. மூடிய வட்டம் திறந்துகொண்டது.

இதனால் நேர்ந்ததைப் பாருங்கள். வசந்தத்தைக் கனவு காணும் பாட்டொன்று உண்டு. மே மாதப் பூக்களுக்கு நடுவே சேவல் கூவுகிறது. கண் விழித்தால் இருட்டு, குளிர், ஜன்னல் கண்ணாடியில் உறைபனி வரைந்த இலைகள். முல்லரிடம் இது இருபத்தொன்றாவது. ஷூபர்ட்டிடம் பதினொன்றாவது. கனவு கலைந்த பிறகும் பதின்மூன்று பாட்டு தூரம் பனியில் நடந்தாக வேண்டும்! கடைசிப் பாட்டில், கைப்பிடியைச் சுற்றி வாத்தியம் வாசிக்கும் கிழவர் பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு நிற்கிறார்; தட்டில் காசில்லை. பியானோவின் இடது கை சுருதிப்பெட்டி மாதிரி ச–ப மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும்.

பாடிக் காட்டியபோது நண்பர்கள் திகைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஷோபர் தனக்கு லிண்டன் மரப் பாட்டு மட்டும் பிடித்தது என்றார். முதல் பகுதியை 1828 ஜனவரியில் ஹாஸ்லிங்கர் பதிப்பித்தார். இரண்டாம் பகுதியின் அச்சுப்படியை ஷூபர்ட் நோய்ப்படுக்கையில் திருத்தினார். நவம்பர் 19இல் காலமானார், வயது 31. டிசம்பர் கடைசியில் அது வெளிவந்தது.

ஷோபர் மெச்சிய பாட்டு தனிவழி போனது. ஃபிரீட்ரிக் சில்ஷர் அதன் சூறைக்காற்றையெல்லாம் நீக்கிச் சேர்ந்திசையாக்க, ஜெர்மன்காரர்கள் நாட்டுப்பாடலாகவே பாடத் தொடங்கினார்கள். தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட ‘மந்திர மலை’ நாவலின் முடிவில், முதல் உலகப்போர்க் களத்தில் நாயகன் முணுமுணுப்பதும் அதைத்தான்.

முல்லரின் வரிசைக்கே திருப்பிப் பாடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கவிஞர் பக்கம் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு ஷூபர்ட்டுக்குத்தான்: வசந்தக் கனவு பாதி வழியிலேயே கலைந்துவிடுவதால்தான் பின்பாதியில் அவன் எதற்கும் ஆசைப்படுவதை நம்மால் நம்ப முடிவதில்லை.