வேலையா, வேலா? ஒரு பிழைதிருத்தியைச் சோதித்த கதை

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர் வடமதுரையில் ஆரம்பிக்குது.

காலேஜ் கடைசி வருஷம், தமிழில் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிற சின்ன ப்ரோகிராம் ஒன்று எழுதினேன். பிழையான 40 வாக்கியங்களைக் கொடுத்தேன். 40ஐயும் பிடித்தது. பெருமையா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பழைய தமிழாசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'அவனுக்கு வேலை கொடு' என்று அடித்தார். உடனே சிவப்புக் கோடு. 'வேலைக் கொடு' என்று திருத்தச் சொன்னது.

"ஏம்ப்பா தம்பி, நான் அவனுக்கு உத்தியோகம் கேட்டா, உன் மெஷின் முருகன் கையில இருக்கிறதை எடுத்துக் குடுக்கச் சொல்லுதே!"

'வேலைக் கொடு' என்பதில் வேல் என்ற சொல்லோடு 'ஐ' உருபு வெளிப்படையா இருக்கு. அதனால் க் மிகும். 'வேலை கொடு' என்பதில் உருபு மறைந்திருக்கு. அதனால் மிகாது. ரெண்டுமே சரியான தமிழ். என்னோட 40 வாக்கியத்தில் சரியான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பிழையைப் பிடிக்குமா என்று பார்த்தேனே தவிர, சரியானதைச் சும்மா விடுமா என்று பார்க்கவே இல்லை.

ஐயா அப்போ நன்னூலை எடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. காண்டிகை என்ற உரைக்கு அது கருத்து, பதப்பொருளோடு 'காட்டு'ம் வேண்டும் என்கிறது. காட்டு என்றால் எடுத்துக்காட்டு. "நம்ம ஊர் பேரே ஒரு காட்டுதான்" என்றார். திசைப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது கடைசி எழுத்தும் அதற்கு முந்தைய க்-கும் போய்விடும் என்பது நன்னூல் விதி. வடக்கு + மதுரை = வடமதுரை.

இதே யோசனைதான் இன்றைய மென்பொருளிலும் இருக்கு. டேனியல் நேபர் 2003இல் ஜெர்மனியில் தன் டிப்ளமோ ஆய்வுக்காக ஒரு இலக்கணத் திருத்தி எழுதினார். அதுதான் லாங்குவேஜ்டூல். இன்று அதில் தமிழும் உண்டு. அங்கே விதி எழுதுகிறவர், அது பிடிக்க வேண்டிய பிழை வாக்கியத்தையும் கூடவே எழுதணும். தொடக்கூடாத சரியான வாக்கியத்தையும் சேர்க்கலாம். கோடு மாறும்போது கம்ப்யூட்டர் எல்லா வாக்கியத்தையும் ஓட்டிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் டெஸ்ட் ஃபெயில். அது போக, விக்கிப்பீடியா மாதிரியான இடத்து வாக்கியங்களைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டி, முடிவு எங்கே மாறுது என்று ஒப்பிடுவார்கள். மாறின இடத்தை மனுஷங்க படித்துப் பார்ப்பார்கள்.

தமிழில் நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' சந்திப்பிழையையும், 'வாணி' எழுத்துப்பிழையையும் பார்க்கின்றன. இதில் சந்திதான் பெரிய தலைவலி. பல இடங்களில் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, பொருளும் தெரியணும்.

ஏன் இவ்வளவு கவலைப்படறேன்? திருத்தி விட்டுவிட்ட பிழை ஒரு பிழையோட நிற்கும். ஆனா சரியான வாக்கியத்துக்குக் கீழே சிவப்புக் கோடு வந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை நம்பித் தன் நல்ல தமிழை அழிச்சிடும். அடுத்த தடவையும் தப்பாவே எழுதும்.

இப்போ என் டெஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு பிழை வாக்கியத்துக்கும் ஒரு சரியான வாக்கியம் ஜோடியா இருக்கு. முதல் வரி, 'அவனுக்கு வேலை கொடு'.

உங்க சரியான தமிழுக்கு எந்தத் திருத்தியாவது சிவப்புக் கோடு போட்டிருந்தா, அந்த வாக்கியத்தை அனுப்புங்க. ஃபைலில் சேர்த்துடறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!